தடை அறிந்தவர்

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க
ரெண்டாவது தாலிக்குக் கழுத்து நீட்னதில்ல"
என்றான் அண்ணன், கடம்பா அலசிக்கொண்டே.
எத்தனை பொம்பளைங்க,
எந்த வருஷத்திலிருந்து என்று சொல்லவில்லை.
அதனால் அரைநாள் லீவு போட்டேன்.

ராயபுரம் கோயில் அலுவலகம்.
கணக்கர் இஞ்ஞாசி பீரோவைத் திறந்தார்.
"பேனா கூடாது. பென்சில்தான்.
எச்சில் தொட்டுப் புரட்டாதீங்க."
வெளியே கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று முட்டியபடி ஹாரன் அடித்தன.
துறைமுகத்தில் பதினெட்டு வருஷமாய்ச்
சரக்குச் சீட்டு பார்ப்பவள் நான்.
எழுத்து எப்படிச் சரிந்தாலும்
பெயர், எடை, இறங்கிய இடம் பிடித்துவிடுவேன்.
லத்தீனும் ஒரு சரக்குச் சீட்டுதான்.

1853. மதலேனாள். வயது பதினான்கு.
மாப்பிள்ளை சவரிமுத்து, கட்டுமரக்காரன்.
மறுவருஷ இறப்பேட்டில் அவன் பெயர் உண்டு,
அடக்கம் செய்த இடத்தில் ஒரு கோடு மட்டும்.
கடல் திருப்பித் தரவில்லை.

1859. அவளேதான், எழுத்து வேறு: மக்தலேனா.
வயது பதினெட்டு.
ஆறு வருஷத்தில் நாலு வயசுதான் ஏறியிருக்கிறாள்.
சிரித்துவிட்டேன்.
இஞ்ஞாசி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
மாப்பிள்ளை தொம்மை, மசூலாப் படகில் துடுப்புக்காரன்.
எழுதத் தெரியாத எல்லோரும் சிலுவை கீறிய பக்கத்தில்
இவன் மட்டும் சிலுவையின் அடியை இருபுறமும் வளைத்து
நங்கூரமாக்கி வைத்திருக்கிறான்.

1866. மறுபடி அவள். வயது இருபத்திரண்டாம்.
மாப்பிள்ளை அருளப்பன், உப்புக் கொட்டாரில் எடைக்காரன்.
ஓரத்தில் பாதிரியாரின் பொடி எழுத்து.
இஞ்ஞாசி பாதி படித்தார், மீதி நான் ஊகித்தேன்:
இவள் விதவை.
இரண்டாம் புருஷன், பாஸ்டனிலிருந்து ஐஸ் ஏற்றி வந்த கப்பலில்
கூலிக்குச் சேர்ந்து போனவன்,
அமெரிக்காவில் சண்டை நடந்த வருஷம் செத்தான்.
சாட்சி, கூடப் போனவன் ஒருவனின் வாய்ச்சொல்.
மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று.
தடை அறிந்தவர் எவரும் எழவில்லை.

மரத்தூளில் புதைத்த ஐஸைக்
கரைக்குத் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்தவன்
உருகாத ஊர் ஒன்று இருக்கிறதா பார்க்கலாம் என்று நினைத்தானோ.
ஏட்டில் அதற்குக் கட்டமில்லை.

அண்ணனுக்கு இது போதும். எழுந்திருக்கலாம்.
ஆனால் சரக்கு எங்கே போய் இறங்கியது என்று பார்க்காமல்
ஏட்டை மூடிப் பழக்கமில்லை எனக்கு.

ஞானஸ்நான ஏடு, 1874.
தகப்பன் அருளப்பன். தாய் மதலேனாள்.
ஞானத்தந்தை தொம்மை.
பெயருக்குப் பக்கத்தில்,
கொஞ்சம் நடுங்கிய
நங்கூரம்.

செத்தவன் வந்து
பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறான்.
அருளப்பன் எந்தப் பக்கம் நின்றான்?
கப்பலிறங்கியவன் முதலில் யார் கதவைத் தட்டினான்?
அன்றைக்கு அவள் மீன் குழம்பை
எத்தனை தட்டில் ஊற்றினாள்?
பாதிரியார் மைக்கூட்டில் பேனாவைத் தோய்க்க
வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாரா?
தெரு முழுக்கத் தடை அறிந்தவர்கள்.
தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டு
நெத்திலி காயவைத்திருக்கிறார்கள்.

பிள்ளைக்கு ஞானத்தந்தையின் பெயரையே வைத்தார்கள்.
அந்தப் பிள்ளையின் பேரனுக்கும் அதுதான்.
பிறகு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்து
தொம்மையைத் தாமஸ் ஆக்கியது.
எங்கள் வீட்டில் மூத்த ஆண்பிள்ளை என்றால் தாமஸ்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போட்டோ எடுக்க விடவில்லை.
நங்கூரத்தைப் பென்சிலில் வரைந்துகொண்டேன்.

"இன்னா, கெடச்சுதா?" என்றான் அண்ணன்.
தாளை நீட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இன்னாது இது, தூண்டி முள்ளா?"
"உன் பேரு" என்றேன்.

வரும் ஞாயிறு எனக்கு முதல் ஓலை.
அவன் எப்போதும் போல
இரண்டாம் வரிசையில்தான் உட்காருவான்.